கோபுரம் ஓய்ந்தால் எப்படிக் கூப்பிடுவோம்?

2004 டிசம்பர் 26, போயா ஞாயிறு. சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை ஏழு மணி ஆகிக்கொண்டிருந்தது. சுனாமி அலை நம் அம்பாறைக் கரைக்கு வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரத்தில் மருதமுனைக்கோ, கல்முனைக்குடிக்கோ, சாய்ந்தமருதுக்கோ எச்சரிக்கையாக ஒரு சொல்கூட வரவில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். தப்பியவர்கள் சம்மாந்துறைப் பக்கம் ஓடினார்கள். வாப்பா ஒரு முகாமில், உம்மா இன்னொரு முகாமில், பிள்ளை எங்கே என்று இருவருக்கும் தெரியாத நிலை.

அன்று நம் வீடுகளில் பேசும் வானொலி இல்லை. இருக்கவும் முடியாது. யுத்த காலத்தில் வோக்கி டோக்கி என்றாலே இராணுவமும் புலிகள் இயக்கமும்தான் நினைவுக்கு வரும். வீட்டில் ஒன்று இருந்தால் சந்தேகம் வாசலுக்கே வந்துவிடும். ஆனால் அதே நாட்களில் தெற்கே, தொலைபேசி செத்துப்போன அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனவர்கள் விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்கள். அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அமெச்சூர் வானொலிப் பயணத்துக்காகக் கொண்டுபோயிருந்த வானொலிச் செட்டையே மீட்புப் பணிக்குத் திருப்பினார். கார் பட்டரியும் ஓர் ஏரியலும் இருந்தால் பேசலாம் என்பதே அந்தச் செட்டுகளின் பலம்.

இன்று நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 117 என்ற அவசர அழைப்பு இலக்கம் வந்தது. ஒவ்வொரு கையிலும் தொலைபேசி. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமாத்திரா அதிர்ந்தபோது எச்சரிக்கை உடனே கிடைத்தது, கரையோரம் வெறிச்சோடியது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் வலையமைப்பு திணறும். மின்சாரம் போய்க் கோபுரத்தின் பட்டரி தீர்ந்தால் தொலைபேசி வெறும் விளக்குத்தான். 2025 நவம்பரில் தித்வா புயலின்போது மலைநாட்டில் பல ஊர்கள் இப்படித்தான் வாயடைத்துப் போயின.

ஆகவே வீட்டுக்கு ஒரு செட் தேவையா? தேவை, ஆனால் கண்டதை வாங்கக் கூடாது. பெட்டியில் எழுதியிருக்கும் கிலோமீற்றர் கணக்கை நம்பாதீர்கள். ஐந்து வாட் கைச்செட், சாய்ந்தமருது போல நெருக்கமான கொங்கிரீட் வீடுகளுக்கு நடுவே, தரையில் நின்று பேசினால் ஓரிரு கிலோமீற்றர் போகும். அதே செட்டை மொட்டைமாடியில் உயர்த்திய ஏரியலோடு இணைத்தால் வயல்வெளியைத் தாண்டிச் சம்மாந்துறைக்கே எட்டலாம். வீடுகளுக்கிடையே யூ.எச்.எஃப் அலைவரிசை பொருந்தும், வெளியான நிலத்தில் வி.எச்.எஃப் நன்றாகப் போகும். நாட்டின் மறுகோடியோடு பேச இரண்டும் போதாது. அதற்குச் சிற்றலை வேண்டும். கடலுக்குப் போகிற வீட்டார் மரைன் அலைவரிசை 16ஐ மறக்கக் கூடாது. அது ஆபத்து அழைப்புக்கானது, அரட்டைக்கானதல்ல.

இன்னொன்று: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் செட் வாங்கவோ பேசவோ கூடாது. அமெச்சூர் அனுமதிக்குப் பரீட்சை எழுத வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு அது கடினமில்லை.

செட்டைவிட முக்கியம் முன்கூட்டிய பேச்சு. எந்த அலைவரிசை, எந்த நேரத்தில் திறப்பது, பேச முடியாவிட்டால் எங்கே சந்திப்பது என்று உம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா வீட்டாராலும் வாங்க முடியாது என்பதால் பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: மஹல்லாவுக்கு இரண்டு இளைஞர்களைப் பரீட்சைக்கு அனுப்புங்கள், பள்ளியில் ஒரு செட்டும் சூரியத் தகடும் வையுங்கள், மாதம் ஒருமுறை பேசிப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.