நிலைமாற்றியில் போக்குவரத்து மேலாண்மையும் அணுக்கப் பாதுகாப்பும்

நிலைமாற்றி அல்லது சுவிட்ச் என்பது ஓர் உள்ளக வலையமைப்பின் கணினிகளை இணைத்து, தரவுச் சட்டகங்களை உரிய துறைகளுக்கு மட்டும் அனுப்பும் கருவி ஆகும். கம்பி செருகப்படும் வாயில் துறை எனப்படுகின்றது. எந்தத் துறையில் எந்தக் கணினி உள்ளது என்பதை அதன் 48 பிட் மாக் முகவரியைக் கொண்டு நிலைமாற்றி தானே கற்றுக்கொள்கின்றது.

தேவை

எல்காட் நிறுவனம் செயற்படுத்திய தமிழ்நாடு மாநிலப் பரந்த வலையமைப்பு, சென்னையை மாவட்டத் தலைநகரங்களுடனும் வட்ட, ஒன்றிய அலுவலகங்களுடனும் இணைப்பது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 12 வட்டங்களும் 13 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. எடுத்துக்காட்டாக, ஒரு வட்ட அலுவலகத்தில் யாரேனும் ஒரே கம்பியின் இரு முனைகளையும் நிலைமாற்றியில் செருகிவிட்டால், ஒலிபரப்புச் சட்டகங்கள் முடிவின்றிச் சுழன்று வலையமைப்பு முழுவதும் முடங்கக்கூடும். சான்றிதழுக்காக வந்தவர்கள் காத்திருக்க நேரிடும்.

போக்குவரத்து மேலாண்மை

* மெய்நிகர் வலையமைப்பு (விலான்): ஒரே நிலைமாற்றியைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை. 1998ல் வெளியான ஐ.இ.இ.இ. 802.1கியூ சீர்தரம் சட்டகத்தில் 4 பைட்டு அடையாளம் ஒன்றைச் சேர்க்கின்றது. அதில் 12 பிட்டுகள் விலான் எண்ணுக்கு உரியவை; 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம்.
* முன்னுரிமை: அதே அடையாளத்தின் 3 பிட்டுகள் 0 முதல் 7 வரையான முன்னுரிமையைக் குறிக்கின்றன. நெரிசலின்போது குரலும் நிகழ்படமும் கோப்புப் பதிவிறக்கத்தை முந்திச் செல்லும். ஆயினும் முன்னுரிமையால் அலைவரிசை அகலம் கூடுவதில்லை. காத்திருக்கும் வரிசை மட்டுமே மாறுகின்றது. ஆகவே உயர் வரிசைக்கு உச்ச வரம்பு இடுதல் வேண்டும்; இல்லையேல் ஏனையவை பட்டினி கிடக்கும்.
* சுழற்சித் தடுப்பு: பரவு மர நெறிமுறை மிகையான பாதைகளை மூடிவைக்கின்றது. புயல் கட்டுப்பாடு ஒலிபரப்புச் சட்டகங்களின் அளவைக் கட்டுப்படுத்துகின்றது.

அணுக்கப் பாதுகாப்பு

* துறைப் பாதுகாப்பு: ஒரு துறையில் எத்தனை மாக் முகவரிகள் இருக்கலாம் என வரையறுப்பது. போலி முகவரிகளால் நிலைமாற்றியின் முகவரி அட்டவணையை நிரப்பும் தாக்குதலை இது தடுக்கின்றது. மாக் முகவரியை எளிதில் போலி செய்யலாம் என்பதால், இது பயனரின் அடையாளத்தை மெய்ப்பிக்காது.
* 802.1எக்ஸ்: 2001ல் வெளியான இச்சீர்தரத்தின்படி, பயனர் தன்னை மெய்ப்பித்த பின்னரே துறை திறக்கும். மெய்ப்பிக்கும் வழங்கி தொலைவில் இருப்பின், வெளி இணைப்பு அறுந்தால் அலுவலகத்துக்குள்ளும் எவரும் நுழைய இயலாமற் போகலாம். மாற்று ஏற்பாட்டை முன்னரே அமைத்தல் வேண்டும்.
* பயன்படாத துறைகளை மூடுதல், டெல்நெட்டுக்குப் பதிலாக மறையாக்கம் கொண்ட எசு.எசு.எச். வழியாக நிருவகித்தல், தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியன அடிப்படை நடவடிக்கைகள்.

அமைக்கும் ஒழுங்கு

முதலில் எந்தத் துறையில் எது உள்ளது எனப் பட்டியலிட்டு, பின் விலான்களைப் பிரிக்கலாம். அடுத்துப் பாதுகாப்பு விதிகளையும், இறுதியில் முன்னுரிமைகளையும் இடலாம். நிருவகிப்பவர் இணைந்துள்ள துறையைக் கடைசியாக மாற்றுவதே நல்லது; முதலிலேயே மாற்றினால் அவரே வெளியில் பூட்டப்படக்கூடும். சோதித்த பின்னர் அமைவடிவத்தைச் சேமித்தல் வேண்டும். பல நிலைமாற்றிகளில், சேமிக்காத மாற்றங்கள் மின்தடைக்குப் பின் அழிந்துவிடும்.