கல்வராயன் காடு ஏன் மஞ்சளாகிறது?

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலைக்காடு தை, மாசியில் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறும். ஏன்? குளிர்நாடுகளில் காரணம் குறையும் பகலும் குளிரும், இங்கே வறட்சி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்தபின் மண் ஈரம் வற்றுகிறது. இலைவழியே நீர் வீணாகாமல் இருக்க மரம் இலைகளைக் கழற்றிவிடுகிறது.

எப்படி? முதலில் பச்சையம் சிதைகிறது. இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைக் கிளை திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகத் தெரிகின்றன. சிவப்போ பெரும்பாலும் புதிதாக உருவாகும் ஆந்தோசயனின். ஊர்த்தெருவில் நாட்டு வாதுமையின் பழுத்த இலையிலும் அதைப் பார்க்கலாம். காம்பின் அடியில் எத்திலீன் தூண்டுதலால் செல்கள் பிரிகின்றன; இலை உதிர்கிறது. அந்த வடுவைத் தக்கைபோன்ற படலம் மூடிவிடுகிறது. கிளையைத் தடவினால் கையில் தட்டுப்படும்.

மலையேறுவோர் கவனத்துக்கு: காய்ந்த சருகுக்கு ஒரு பீடித்துண்டு போதும். தீப்பெட்டியை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லுங்கள்.