ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம்?

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஐந்து மாடி ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் சுடிதார் குவியலுக்குள் நின்றிருந்தோம். உடன் வந்த அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அதிக நேரம் அடக்க முடியாது. விற்பனைப் பெண்ணின் காதோரம் குனிந்து, "ஏம்மா, ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம்?" என்றார். "லிஃப்டுக்கு எதிர்ல போங்கம்மா, இடது கைப்பக்கம்" என்றாள் அந்தப் பெண். கை மட்டும் துணியை மடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்த அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. "காலைலேருந்து நிக்கிறியே கண்ணு, நீயும் ஒரு எட்டு போய்ட்டு வாயேன்" என்றார். "அது கஸ்டமருக்குங்கம்மா. எங்களுக்கு மொட்டை மாடில. சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். சாப்பாட்டு நேரத்துல போய்க்குவோம். காலைல தண்ணி கொஞ்சமாத்தான் குடிப்போம், அதனால ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னை டாய்லெட் என்ற சொல்லின் பக்கம் தள்ளிவிட்டது.

டாய்லெட் என்பது முதலில் ஒரு துணி. பிரெஞ்சு மொழியில் 'துவால்' என்றால் துணி. 'துவாலெட்' அதன் சின்னத் துண்டு. ஒப்பனை மேசைமேல் விரிப்பார்கள், தலை வாரும்போது தோளில் போர்த்திக்கொள்வார்கள். துணியின் பெயர் மேசைக்கு ஆயிற்று, பிறகு மேசைமேல் இருந்த சீப்புக்கும் பவுடருக்கும், பிறகு அலங்கரித்துக்கொள்ளும் காரியத்துக்கே. அலெக்சாண்டர் போப் 1714-இல் விரிவாக்கி வெளியிட்ட நெடுங்கவிதை ஒன்றில் நாயகியின் டாய்லெட்டை ஆசை ஆசையாக வருணித்திருக்கிறார். இன்றைய பொருளில் வாசித்தால் முகம் சுளிக்கத் தோன்றும். அவர் சொன்னது ஒப்பனை மேசையை. பின்னர் உடை மாற்றும் அறைக்குப் போன பெயர், அங்கிருந்து ஒட்டிய சின்ன அறைக்கு நழுவியது பெரும்பாலும் அமெரிக்காவில், 19-ஆம் நூற்றாண்டில். பழைய வாசனை முற்றிலும் போய்விடவில்லை. வீட்டில் இருக்கும் குளியல் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'டாய்லெட் சோப்' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து, "இதையா மூஞ்சிக்குப் போடறோம்?" என்று பதறியவர்களை எனக்குத் தெரியும்.

மற்றப் பெயர்களும் அப்படித்தான். ஒன்றுகூட நேராகப் பேசாது. லாவட்டரி, லத்தீனில் கழுவுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மடாலயங்களில் துறவிகள் கை கழுவிய தொட்டிக்கு அந்தப் பெயர். லாட்ரினும் அதே வேர்தான். பிரிவி என்றால் தனிமை. டபிள்யூ.சி. என்பதன் விரிவு வாட்டர் கிளாசெட், தண்ணீர் உள்ள சிற்றறை. பவணந்தியாரின் நன்னூலைப் பள்ளியில் படித்தவர்கள் இங்கே சிரிக்கலாம். சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலுக்கு ஆசிரியர் சொன்ன உதாரணம் நினைவிருக்கிறதா? 'கால் கழுவி வந்தேன்.' ரோமானியரும் நாமும் ஒரே தண்ணீரில்தான் கூச்சத்தைக் கழுவியிருக்கிறோம்.

இங்கிலாந்தில் வாய் கூசாமல் சொல்வது 'லூ'. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. எடின்பரோவில் ஜன்னல் வழியே கழிவைக் கொட்டும்முன் 'கார்டிலூ' என்று கத்துவார்கள், அதன் வால்தான் இது என்று ஒரு கதை. வாட்டர்லூவின் வால் என்று இன்னொரு கதை. சான்று எதற்கும் இல்லை. டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர், அவர் பெயரிலிருந்துதான் 'கிராப்' என்ற சொல் வந்தது என்று அடித்துவிடுவார்கள். இரண்டும் தவறு. அவர் பிறந்தது 1836-இல். தண்ணீர் இழுத்துவிடும் அமைப்பை முதலாம் எலிசபெத் ராணியின் ஞானமகன் ஜான் ஹாரிங்டன் 1596-லேயே விளக்கி ஒரு நூலே எழுதிவிட்டார். கழிப்பறைக்கு அன்றைய கொச்சைச் சொல் 'ஜேக்ஸ்'. அவர் நூலின் தலைப்பில் கிரேக்க வீரன் ஏஜாக்ஸ் பெயரைப் போட்டு அந்தச் சொல்லைச் சிலேடையில் ஒளித்துவைத்தார். அறையைச் சீர்படுத்த வந்தவருக்கும் பெயரைச் சொல்ல வெட்கம்!

ஆங்கிலேயர்களுக்கு இதில் வெட்கத்தோடு சாதியும் சேர்ந்துகொண்டது. நம் சாதி அல்ல, அவர்கள் ஊர் வர்க்கச் சாதி. 1954-இல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர், மேட்டுக்குடியினர் எந்தச் சொல்லைச் சொல்வார்கள், அவர்களைப்போல் காட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் எதைச் சொல்வார்கள் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு எழுத்தாளர் நான்சி மிட்ஃபர்ட் அதைப் பத்திரிகைக்குக் கொண்டுவர, நாடே தன் வாயைத் தானே சோதித்துக்கொண்டது. அந்தக் கணக்கில் 'லாவட்டரி' சொன்னால் நீங்கள் பிரபு வீட்டுப் பிள்ளை. 'டாய்லெட்' சொன்னால் நாகரிகம் பார்த்துப் பேசும் நடுத்தரவர்க்கம், மாட்டிக்கொண்டீர்கள். அதிகம் மெழுகிய சொல்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்கர்கள் குளியல் தொட்டியே இல்லாத இடத்தையும் பாத்ரூம் என்பார்கள். கனடாவில் வாஷ்ரூம். மங்கலமாக வைத்த பெயரும் கொஞ்ச காலத்தில் பழைய நாற்றத்தை ஏற்றுக்கொண்டுவிடும். உடனே இன்னொரு பெயர் தேட வேண்டும். இதற்கு மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994-இல் ஒரு பெயர் வைத்தார்: மங்கலச் சொல்லின் டிரெட்மில். எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

இந்த வரிசையில் ஒரு சொல் மட்டும் பிறந்தபோது பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அது ரெஸ்ட் ரூம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறுநகரங்களுக்குச் சனிக்கிழமைதோறும் வண்டி கட்டிக்கொண்டு விவசாயக் குடும்பங்கள் வரும். ஆண்கள் பேரம் பேசப் போய்விடுவார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்களுக்கு உட்கார இடம் இருக்காது. மாதர் சங்கங்களும் நகர நிர்வாகங்களும் அவர்களுக்காக ஓர் அறை பிடித்து, நாற்காலியும் சாய்விருக்கையும் போட்டு, பக்கத்தில் கழிப்பறையும் வைத்தன. அதுதான் ரெஸ்ட் ரூம். சிங்க்ளேர் லூயிஸின் 1920-ஆம் ஆண்டு நாவலான 'மெயின் ஸ்ட்ரீட்'டிலும் இப்படி ஓர் அறை வருகிறது. பிறகு நாற்காலிகள் போயின, பெயர் நின்றது.

நம்மிடம் வந்து சேர்ந்தது அந்த வெறும் பெயர். அதற்கு முன் நம் நாக்கில் இருந்தது கக்கூஸ். அதுவும் இறக்குமதிதான். டச்சு மொழியில் 'கக்' என்றால் மலம். அதற்கான வீடு கக்கூஸ். டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்தார்கள், பழவேற்காட்டில் அதற்கும் முன்பிருந்தே. அவர்கள் ஆண்ட இலங்கையில் சிங்களத்திலும் அந்தச் சொல் உண்டு, இந்தோனேசியாவிலும் உண்டு. உள்ளதை உள்ளபடி சொன்ன சொல் என்பதால்தானோ என்னவோ, அதைத்தான் நாம் முதலில் கெட்ட வார்த்தையாக்கினோம். 'கொல்லைக்குப் போறது', 'வெளிக்குப் போறது' எல்லாம் கிராமத்தோடு நின்றன. லெட்ரின் வந்தது, டாய்லெட் வந்தது, "பாத்ரூம் வருது மிஸ்" என்று பிள்ளைகள் சொல்லும் நிலைக்கு வந்தோம். அறையே வருகிறதாம்! இப்போது ரெஸ்ட் ரூம். எங்கள் தெருமுனை டீக்கடையில் தகரத் தடுப்புக்குக்கூட அதுதான் பெயர்.

தமிழிலேயே கழிப்பறை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பார் தமிழாசிரியர். நாசூக்கும் ஒரு மரியாதைதானே என்பார் மொழியியல் படித்தவர். இருக்கட்டும். என் கவலை சொல்லைப் பற்றியதல்ல, சொல் மறைக்கிற இடத்தைப் பற்றியது.

சட்டம் எழுதியவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் கழிப்பறைகளுக்கு 19-ஆம் பிரிவு இருந்தது. பெண்களுக்குத் தனியாக, மறைப்போடு இருக்க வேண்டும் என்றது. ரெஸ்ட் ரூம் என்ற சொல் வந்தது வெகுதூரம் தள்ளி, 47-ஆம் பிரிவில்: 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இளைப்பாறும் அறையும் சாப்பிடும் அறையும் வேண்டும் என்று. அங்கே அது நிஜமாகவே ஓய்வறை. கழிப்பறை, ஓய்வறை என்று இரண்டு அறை தர வேண்டிய இடத்தில், பேச்சுவழக்கு இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி ஒன்றை விழுங்கிவிட்டது. கடைகளின் கதை இன்னும் மோசம். நாள் முழுக்க நிற்கும் பணியாளர் உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று சொல்லவே கேரளத்துக்கு 2018 ஆயிற்று, தமிழ்நாட்டுக்கு 2021.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. காலை ஒன்பதரைக்குக் கடை ஏறினால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் இறக்கம். தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கி, மாதத்தில் அந்த மூன்று நாட்களும் மொட்டை மாடிக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இப்படியும் வரும் என்பது எந்த டாக்டரும் சொல்கிற விஷயம். அவள் வேலை செய்யும் கடையில் ரெஸ்ட் ரூம் பலகை மூன்றாம் மாடியில் பளபளக்கிறது. அதில் அவளுக்கு ரெஸ்டும் இல்லை, ரூமும் இல்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவீர்கள். பில் போடும் இடத்தில் மேனேஜர் கும்பிடு போட்டு, "எல்லாம் திருப்தியாங்க?" என்று கேட்பார். அப்போது கேளுங்கள்: "ஸ்டாஃப் ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம்?"