தலைமுறை மாற்றத்தைக் கணக்கிட்டவர்

நாட்டில் ஒழுங்கைப் பேணுதல், அரசின் முக்கிய முடிவுகளில் மக்களுக்குக் கூடுதல் உரிமை அளித்தல், விலைவாசி உயர்வைத் தடுத்தல், பேச்சுரிமையைப் பாதுகாத்தல் ஆகிய நான்கில் எதற்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம் என்ற கேள்வி, 1970ஆம் ஆண்டு பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய ஆறு நாடுகளின் மக்களிடம் கேட்கப்பட்டது. ஒழுங்கையும் விலைவாசியையும் தேர்ந்தவர்கள் பொருள்சார் விழுமியம் கொண்டவர்கள் என்றும், பங்கேற்பையும் பேச்சுரிமையையும் தேர்ந்தவர்கள் பொருள் கடந்த விழுமியம் கொண்டவர்கள் என்றும், இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைத் தேர்ந்தவர்கள் கலவையானவர்கள் என்றும் வகைப்படுத்தப்பட்டனர். கேட்டுப் பதில் பெற ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாத இந்தக் கேள்வியின்மேல் அரசியல் அறிவியலின் ஒரு பெரும் பிரிவையே எழுப்பியவர் அமெரிக்க அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட். அவர் 2021இல் மறைந்த பின்னரும் அந்தக் கேள்வி தாங்குமா என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

இங்கிள்ஹார்ட் 1934இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். 1967இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கழித்தவர். அவர் ஆய்வுக்கு வந்த காலத்தில் பண்பாட்டைக் கொண்டு அரசியலை விளக்கும் போக்கு மங்கத் தொடங்கியிருந்தது. சீர்திருத்தக் கிறித்தவ நெறிக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள உறவை மாக்ஸ் வேபர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருந்தார். கேப்ரியல் ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் ஐந்து நாடுகளின் குடிமைப் பண்பாட்டை ஒப்பிட்டு 1963இல் நூல் வெளியிட்டிருந்தனர். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில், ஒவ்வொருவரும் தம் நலனைக் கணக்கிட்டே நடக்கிறார் என்று கொள்ளும் பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடு துறையை ஆட்கொண்டது. பண்பாடு என்பது வேறெதுவும் விளக்க முடியாதபோது கைக்கொள்ளும் சாக்கு என்று கருதப்பட்ட சூழலில், பண்பாட்டையும் எண்ணால் அளக்கலாம், அது மாறும் வேகத்தையும் கணிக்கலாம் என்று வாதிட்டதே இங்கிள்ஹார்டின் துணிவு.

அவருடைய கோட்பாடு இரண்டு கருதுகோள்களின் மேல் நிற்கிறது. மனிதர் தமக்குக் கிடைக்க அரிதானதையே பெரிதாக மதிப்பர் என்பது பற்றாக்குறைக் கருதுகோள். அந்த மதிப்பீடு இளம்பருவத்தில் படிந்து, பின்னாளில் நிலைமை மாறினாலும் எளிதில் மாறாது என்பது சமூகமயமாதல் கருதுகோள். முதலாவதை மட்டும் ஏற்றால் வருமானம் உயர்ந்த மறு ஆண்டே விழுமியங்களும் மாற வேண்டும், அப்படி மாறுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஒரு சமூகம் செழிப்படைந்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தச் செழிப்பில் வளர்ந்த பிள்ளைகள் வாக்காளர்களாகும்போது அரசியலின் போக்கு திரும்பும் என்ற கணிப்பு கிடைக்கிறது. இரு உலகப் போர்களையும் பெருமந்தத்தையும் கண்டவர்களுக்கும், 1945க்குப் பின் பிறந்து பசியும் படையெடுப்பும் அறியாமல் வளர்ந்தவர்களுக்கும் இடையே மேற்கு ஐரோப்பாவில் இருந்த பிளவு, இந்தக் கணிப்பைச் சோதிக்க ஏற்ற களமாக அமைந்தது.

1970ஆம் ஆண்டின் முடிவுகள் கணிப்பையொட்டியே இருந்தன. மூத்த தலைமுறையில் பொருள்சார் விழுமியத்தார் பொருள் கடந்த விழுமியத்தாரைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக இருந்தனர்; போருக்குப் பின் பிறந்தவர்களிடையே இரு தரப்பும் ஏறத்தாழச் சமநிலையில் நின்றன. இளைஞர்கள் வயது ஏறினால் பெற்றோரைப் போலவே ஆகிவிடுவார்கள் என்ற எதிர்வாதம் உடனே எழுந்தது. வயதால் வரும் வேறுபாட்டையும் பிறந்த காலத்தால் வரும் வேறுபாட்டையும் ஒரே ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு பிரித்தறிய இயலாது என்பதால், அதே கேள்வியை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐரோப்பியச் சமூக அமைப்பின் அதிகாரியான ஜாக் ரெனே ராபியே 1970களில் தொடங்கிய யூரோபாரோமீட்டர் கருத்துக்கணிப்புகள் அதற்கு வழிவகுத்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்துப் பணவீக்கம் ஏறியபோது எல்லாத் தலைமுறைகளும் ஒருசேரப் பொருள்சார் பக்கம் சாய்ந்து, அது தணிந்ததும் ஒருசேர மீண்டன. தலைமுறைகளுக்கு இடையிலான இடைவெளி மட்டும் குறையவில்லை. 1970இல் இந்நாடுகளில் மொத்தமாகப் பார்த்தால் நான்குக்கு ஒன்று என்றிருந்த விகிதம், 2000ஆம் ஆண்டளவில் சமநிலையை எட்டியது. யாரும் மனம் மாறியதால் அன்று, முதியவர்கள் மறைந்து இளையவர்கள் அவர்கள் இடத்துக்கு வந்ததால் பெரும்பாலும் நிகழ்ந்த மாற்றம் இது.

1977இல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூல் இதை ஓசையற்ற புரட்சி என்று அழைத்தது. தொழிலாளி இடதுசாரிக்கும் முதலாளி வலதுசாரிக்கும் வாக்களிக்கும் வர்க்க அரசியல் தளர்ந்து, சுற்றுச்சூழல், பெண்ணுரிமை, அணுசக்தி எதிர்ப்பு ஆகியவற்றைச் சுற்றிப் புதிய அணிகள் உருவாகும் என்று அந்நூல் வாதிட்டது; 1980இல் உருவான மேற்கு ஜெர்மனியின் பசுமைக் கட்சி மூன்றே ஆண்டுகளில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. படித்த நடுத்தர வர்க்கத்தார் இடதுபுறமும், ஊதிய உயர்வைவிட ஒழுங்கையும் மரபையும் பெரிதெனக் கருதிய தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வலதுபுறமும் நகர்வார்கள் என்ற அவருடைய எதிர்பார்ப்பு, இன்று ஐரோப்பியக் கட்சிகள் எல்லாவற்றையும் உலுக்கும் உண்மையாகியிருக்கிறது.

மறுப்புகளில் மிகக் கூர்மையானது, அளவுகோலின் உள்ளிருந்தே வந்தது. நான்கு குறிக்கோள்களில் பொருளாதாரத்தைக் குறிப்பது விலைவாசி ஒன்றுதான். 1980களில் ஐரோப்பாவில் பணவீக்கம் தணிந்து வேலையின்மை பெருகியபோது, வேலை போய்விடுமோ என்று அஞ்சியவருக்கு அந்த அச்சத்தைச் சொல்ல வினாத்தாளில் இடமே இருக்கவில்லை. விலைவாசி அவருக்குப் பெரும் கவலையாக இல்லாததால் வேறொன்றைத் தேர்ந்தார். அதனால் பொருள் கடந்தவர் என்றோ கலவையானவர் என்றோ பதிவானார். ஹரோல்ட் கிளார்க்கும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் இதைத் தரவுகளாலும், விலைவாசிக்குப் பதிலாக வேலையின்மையை வைத்துக் கேட்ட சோதனைகளாலும் காட்டினர். அளக்கப்பட்ட மாற்றத்தில் ஒரு பகுதியேனும் கேள்வி அமைந்த விதத்தால் விளைந்தது என்பது மறுக்க முடியாதது. பன்னிரண்டு குறிக்கோள்களைக் கொண்ட விரிவான பட்டியலையும் இங்கிள்ஹார்ட் பயன்படுத்தினார்; ஆயினும் நீண்ட காலத் தொடர் நான்கு குறிக்கோள் வடிவத்துக்கே இருந்ததால் அதைக் கைவிட அவரால் முடியவில்லை. ஐம்பது ஆண்டு ஒப்பீட்டுக்குக் கேள்வி மாறாதிருக்க வேண்டும், ஐம்பது ஆண்டில் உலகமோ மாறிவிடுகிறது. இந்த முரணிலிருந்து நீண்டகால ஆய்வு எதுவும் தப்பியதில்லை.

ஜான் கெர்க்கோஃப்ஸ், ரூட் டி மூர் ஆகியோர் முன்னெடுத்த ஐரோப்பிய விழுமிய ஆய்வு 1981இல் களமிறங்கியது. அதை மற்றக் கண்டங்களுக்கும் விரித்து உலக விழுமியக் கணக்கெடுப்பாக வளர்த்தெடுத்ததில் இங்கிள்ஹார்டின் பங்கு முதன்மையானது. தொடர்ந்து பல சுற்றுகளாக நடக்கும் இக்கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டு ஆய்வுக்குழுவும் தன் செலவைத் தானே திரட்டி, பொது வினாநிரலைத் தன் மொழியில் நடத்தி, ஈடாக எல்லா நாடுகளின் தரவையும் பெறுகிறது; பின்னர் அவை எவரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிடப்படுகின்றன. கோட்பாடு முழுதும் தவறென்று நாளை நிறுவப்பட்டாலும் இந்த ஏற்பாடு நிலைக்கும். அவ்வகையில் அவருடைய நூல்களைவிட இதுவே பெரிய சாதனை என்று கொள்ளலாம்.

இத்தரவுகளிலிருந்து பிறந்ததே புகழ்பெற்ற பண்பாட்டு வரைபடம். மரபும் சமய அதிகாரமும் ஒரு முனையாகவும் சமயச்சார்பற்ற பகுத்தறிவு மறுமுனையாகவும் அமைவது அதன் செங்குத்து அச்சு. பிழைத்திருத்தலே முதற்கவலையாக இருக்கும் நிலையிலிருந்து சுய வெளிப்பாட்டை மதிக்கும் நிலைக்குச் செல்வது கிடை அச்சு. சுவீடன் மேல் வலது மூலையில் நிற்கிறது; அமெரிக்காவோ செல்வ வளம் பெற்றும் சமயப் பிடிப்பால் செங்குத்து அச்சில் கீழே தங்குகிறது. வேய்ன் பேக்கருடன் 2000இல் எழுதிய கட்டுரையில், செல்வம் எல்லா நாடுகளையும் ஒரே திசையில் தள்ளினாலும் கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறித்தவம், கன்பூசியம், கம்யூனிச ஆட்சி ஆகிய பழைய தடங்கள் அழிவதில்லை என்று இங்கிள்ஹார்ட் வாதிட்டார். இந்தியா இவ்வரைபடத்தில் ஒரே புள்ளி. கேரளமும் பீகாரும் அடங்கிய ஒரு சராசரி எந்த இந்தியரை விவரிக்கிறது என்ற ஐயம், நாட்டையே அலகாகக் கொள்ளும் எல்லா ஒப்பாய்வுக்கும் பொருந்தும்.

விழுமியம் அரசியலை ஆக்குகிறதா, அரசியல் விழுமியத்தை ஆக்குகிறதா என்பது இதைவிட அடிப்படையான கேள்வி. பிறர்மீதான நம்பிக்கையும் வாழ்வில் நிறைவும் மிக்க சமூகங்களிலேயே மக்களாட்சி நிலைக்கிறது என்று இங்கிள்ஹார்ட் 1988இல் எழுதினார். எட்வர்ட் முல்லரும் மிட்செல் செலிக்சனும் 1994இல் அதை மறுத்து, பிறர்மீதான நம்பிக்கை மக்களாட்சிக்குக் காரணம் அன்று, நீண்ட மக்களாட்சியின் விளைவே என்று காட்ட முயன்றனர். கிறிஸ்டியன் வெல்செலுடன் 2005இல் எழுதிய நூலில் இங்கிள்ஹார்ட் தம் நிலையை இன்னும் வலுப்படுத்தினாரே அன்றி விட்டுக்கொடுக்கவில்லை. இரு திசையிலும் விளைவு பாய்கிறது என்ற விடையே நியாயமானதாகத் தோன்றுகிறது. ஆனால் நியாயமான அந்த விடை, எந்தத் திசையில் எவ்வளவு என்று கேட்டால் மௌனமாகிவிடுகிறது.

கொள்கைகளோடு விழுமியங்கள் இணையும் இடம் பாலினச் சமத்துவத்தில் தெளிவாகத் தெரிகிறது. உலகின் மோதல் நாகரிகங்களின் மோதலாக இருக்கும் என்று சாமுவேல் ஹன்டிங்டன் சொன்னதைச் சோதித்த இங்கிள்ஹார்டும் பிப்பா நோரிஸும், மக்களாட்சி மீதான விருப்பத்தில் முஸ்லிம் நாடுகளுக்கும் மேலை நாடுகளுக்கும் பெரிய வேறுபாடில்லை, வேறுபாடு பெண்களின் இடம், மணமுறிவு, தன்பாலின உறவு பற்றிய கருத்துகளிலேயே என்று 2003இல் எழுதினர். தன்பாலினத் திருமணத்தை நெதர்லாந்து 2001இல் முதன்முதலாகச் சட்டமாக்கிய பின், ஏறத்தாழ முப்பது நாடுகள் இருபது ஆண்டுகளுக்குள் அதே வழிக்கு வந்தன. தன்பாலின உறவு ஒருபோதும் ஏற்கத் தகாதது முதல் எப்போதும் ஏற்கத் தக்கது வரை பத்துப் புள்ளிகளில் பதில் கேட்கும் வினா 1981 முதல் இருந்துவந்ததால், அந்நாடுகளில் மக்கள் கருத்து சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே நகரத் தொடங்கியதை எண்களால் காட்ட முடிந்தது.

சமயம் குறித்து அவர் தம் கருத்தையே திருத்திக்கொண்டார். வாழ்வு பாதுகாப்பற்றிருக்கும் இடத்தில் சமயப் பற்று ஓங்கும், பாதுகாப்பு பெருகினால் தளரும் என்று நோரிஸுடன் சேர்ந்து 2004இல் எழுதிய நூல், அமெரிக்காவைச் செல்வ நாடுகளுள் விதிவிலக்காகக் கொண்டது. 2021இல் வந்த கடைசி நூலோ அந்த விதிவிலக்கு முடிந்துவிட்டது என்றது: ஏறத்தாழ 2007 முதல் 2019 வரை ஆராயப்பட்ட 49 நாடுகளில் 43இல் சமயப் பற்று குறைந்திருந்தது, குறைவு மிகக் கடுமையாக இருந்தது அமெரிக்காவில்தான். சமயப் பற்று கூடிய மிகச் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. வருமானமும் ஆயுளும் உயர்ந்த அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்ததைப் பாதுகாப்புக் கோட்பாடு தன் விதிகளைக் கொண்டு எளிதில் விளக்கிவிட முடியாது. சமயத்தை அடையாள அரசியலாக்கும் கட்சிகளுக்கு அதில் எவ்வளவு இடம் கொடுப்பது என்பது இந்திய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வினா.

2016இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்ததும், டொனால்ட் ட்ரம்ப் வென்றதும் இங்கிள்ஹார்டையும் நோரிஸையும் எதிர்வினை என்ற கருத்துக்குக் கொண்டுவந்தன. ஒரு காலத்தில் பெரும்பான்மையாக இருந்த மூத்த, குறைந்த கல்வியுடைய, மரபை மதிக்கும் மக்கள், தம் நாட்டிலேயே சிறுபான்மையாகிவரும் தறுவாயில், இழந்த உலகை மீட்டுத் தருவதாகச் சொல்லும் தலைவர்களிடம் செல்கிறார்கள் என்பது 2019இல் வந்த அவர்களுடைய நூலின் வாதம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இது ஓரளவு பொருந்துகிறது; பிரான்ஸில் இடறுகிறது. அங்கே தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென்னுக்கு மிகக் குறைவாக வாக்களித்தவர்கள் எழுபதைக் கடந்த முதியவர்கள்தாம், அவருடைய வலு உழைக்கும் வயதினரிடம் இருந்தது. அந்த முதியவர்களில் ஒரு பகுதியினரோ, போருக்குப் பின் பாதுகாப்பில் வளர்ந்தவர்கள் என்று இங்கிள்ஹார்ட் வரையறுத்த அதே தலைமுறையினர். இதற்கான விளக்கத்தின் ஒரு முனை அவருடைய 2018ஆம் ஆண்டு நூலிலேயே இருக்கிறது: பல பத்தாண்டுகளாகச் செல்வ நாடுகளின் வளர்ச்சி உச்சியில் உள்ள சிலரிடமே சேர்ந்து, நிலையான வேலையும் வீடும் இளையவர்களுக்கு எட்டாமற்போனதால், பாதுகாப்புணர்வு பின்னோக்கி நகர்கிறது என்று அங்கே எச்சரித்திருந்தார். அது சரியானால், 2008இன் நிதி நெருக்கடிக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் பொருள்சார் விழுமியங்கள் மீண்டும் ஏறியிருக்க வேண்டும். உலக விழுமியக் கணக்கெடுப்பின், 2024இல் தொடங்கிய எட்டாவது சுற்றில் பதில் சொல்பவர்களுள் அவர்களும் இருக்கிறார்கள்.