பெட்ரோல் பங்க் அருகே கிணறு இருக்கிறதா?

உசிலம்பட்டி வழியாகச் செல்லும் மதுரை - தேனி சாலை போன்ற பெருஞ்சாலைகளை ஒட்டி, தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் அமைவது இன்று சாதாரணம். பங்கில் கண்ணுக்குத் தெரிவது பம்பு மட்டுமே. எரிபொருள் இருப்பது தரைக்கடியில் புதைத்த தொட்டிகளில். ஈர மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும். குழாய் இணைப்புகளும் தளரும். சொட்டுச் சொட்டாக ஒழுகுவது மேலே தெரியாது. பல நேரங்களில் அது பக்கத்துக் கிணற்றில்தான் வெளிப்படுகிறது.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ஆம் ஆண்டு இப்படித்தான் நடந்தது. அங்கே ஒழுகியது தொட்டியல்ல, எண்ணெய் கொண்டு செல்லும் நிலத்தடிக் குழாய். வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்த பிறகே விவரம் வெளியே வந்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

உசிலம்பட்டி வட்டாரம் பாறை நிலம். இங்கே ஊற்று பாறை வெடிப்புகள் வழியாக வருகிறது. எண்ணெயும் அதே வழியில்தான் வரும். பக்கத்துக் கிணறு தப்பி, தள்ளியுள்ள கிணறு கெடக்கூடும்.

நீர்மேல் வானவில் நிறப் படலம் கண்டால் உடனே பங்கைக் குறை சொல்லிவிடக் கூடாது. இரும்புச் சத்துள்ள நீரிலும் நுண்ணுயிர்களால் இதே போன்ற படலம் படியும். ஒரு குச்சியால் கலைத்துப் பார்க்க வேண்டும். இரும்புப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே மிதக்கும். எண்ணெய்ப் படலம் கலைந்ததும் மீண்டும் ஒன்றுகூடிவிடும். எண்ணெய்தான் என்றால், சொந்த ஆயில் என்ஜினும் கம்ப்ரசரும் ஒழுகுகின்றனவா என்று முதலில் பார்ப்பது நியாயம்.

அங்கே ஒழுக்கு இல்லை, நீரில் வாடையும் இருக்கிறது என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ கால்நடைக்குக் காட்டவோ கூடாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்குவது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். காய்ச்சிக் குடிக்கலாம் என்பதும் தவறு. நச்சு ஆவி சமையலறையில் பரவும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றின் அடியில் தங்கும். தூர் வாருவதற்காகக்கூட உள்ளே இறங்கக் கூடாது. பீடி, தீக்குச்சி அருகே வரவே கூடாது.

கண்ணாடிப் பாட்டிலில் காற்று இடைவெளியின்றி நீர் நிரப்பி மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனுவுடன் கொடுக்கலாம். ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம். பங்க் அமைக்கத் தடையின்மைச் சான்று தருவது மாவட்ட நிர்வாகமே. இழப்பீடு கோரிப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 5 ஆண்டு அவகாசம் உண்டு. மனுவின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வகுத்த நெறிமுறைப்படி, புதிய பங்க் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடியிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. பாறை நிலத்தில் தூரத்தை மட்டும் நம்ப முடியாது. தொட்டியில் அளவுகோல் விட்டுத் தினமும் இருப்பைப் பார்த்து, விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் ஒழுக்கு சீக்கிரம் பிடிபடும். இது பங்க்காரருக்கும் லாபம்தான். எண்ணெய் போகும் ஓட்டை வழியே மழைநீர் உள்ளே வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதோடு கெட்டுவிடும்.

தோட்டத்தில் டீசல் வைத்திருப்போர், டிரம்மைக் கிணற்று மேட்டில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கிணற்றுக்குத் தள்ளி, சிமெண்டுத் தளத்தின்மேல் வைக்கலாம். சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கிணற்றுக்கே போய்ச் சேரும்.