காற்றழுத்த ஆணியடிப்பான்

காற்றழுத்த ஆணியடிப்பான் என்பது அழுத்திய காற்றின் விசையால் ஆணியை மரம், ஒட்டுப்பலகை, கற்காரை முதலியவற்றுள் ஒரே அடியில் செலுத்தும் கைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது நெயில் கன் எனப்படுகிறது. இதற்குத் தேவையான காற்றைக் கம்ப்ரசர் என்று அறியப்படும் காற்றமுக்கி வழங்குகிறது. காற்றமுக்கி, அடிப்பான், காற்றுக்குழாய், இணைப்பிகள் ஆகியவை சேர்ந்து ஒரு தொகுதியாகவும் விற்கப்படுகின்றன. வீட்டு வேலைக்கு இத்தொகுதியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அடிக்க வேண்டிய ஆணியையும், அடுத்து அதற்கேற்ற அடிப்பானையும், இறுதியாகவே காற்றமுக்கியையும் முடிவு செய்தல் வேண்டும். தொட்டியின் பருமனை மட்டும் பார்த்து வாங்கினால் பொருந்தாத கருவி வந்து சேர வாய்ப்பு உண்டு.

வரலாறு

அடைபட்ட காற்றின் அழுத்தம் கூடும்போது அதன் கன அளவு அதே விகிதத்தில் குறையும் என்பதை இராபர்ட் பாயில் 1662 இல் வெளியிட்டார். காற்றமுக்கியின் கணக்குகளுக்கு இவ்விதியே அடிப்படை. காற்றால் இயங்கும் ஆணியடிப்பான்கள் 1950களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அங்கு வீட்டின் சட்டகமே மரத்தால் கட்டப்படுவதால் இக்கருவி விரைவில் பரவியது. தமிழ்நாட்டில் காற்றமுக்கி உற்பத்தியில் குறிப்பிடத்தக்க நிறுவனம் கோயம்புத்தூரில் 1960 இல் தொடங்கப்பட்ட எல்ஜி எக்விப்மென்ட்ஸ் ஆகும். வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் கடைகளின் வழியாகவே காற்றமுக்கி இங்கு பலருக்கும் அறிமுகமானது.

இயங்குமுறை

காற்றமுக்கியில் உள்ள மின்னோடி ஓர் உந்துதண்டை உருளைக்குள் மேலும் கீழும் இயக்குகிறது. உந்துதண்டு கீழிறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. மேலேறும்போது அது நெருக்கப்பட்டுத் தொட்டிக்குள் தள்ளப்படுகிறது. தொட்டியின் அழுத்தம் குறித்த மேல் அளவை எட்டியதும் அழுத்த நிலைமாற்றி மின்னோடியை நிறுத்தும். கீழ் அளவுக்கு இறங்கியதும் மீண்டும் இயக்கும்.

அடிப்பானின் விசையை அழுத்தும்போது அதன் தலைப்பகுதியில் உள்ள அடைப்பிதழ் திறக்கிறது. காற்று பாய்ந்து உள்ளிருக்கும் உந்துதண்டைத் தள்ள, அதனுடன் இணைந்த எஃகு அலகு ஆணியைப் பொருளுக்குள் செலுத்துகிறது. விசையை விட்டதும், பக்க அறையில் தேங்கிய காற்று உந்துதண்டைப் பழைய இடத்துக்குத் திருப்புகிறது.

ஆணியும் அடிப்பானும்

ஆணியின் பருமன் கேஜ் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக் கூட ஆணி மெல்லியதாகும். இந்தியக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் வகைகள் பின்வருமாறு:

எஃப் 30: 18 கேஜ் ஆணி, 30 மி.மீ. நீளம் வரை. விளிம்புச் சட்டம், அலங்காரப் பட்டை, சிறு பெட்டிகள் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆணித்தலை சிறிது என்பதால் தடம் குறைவாகத் தெரியும்.

எஃப் 50: அதே 18 கேஜ் ஆணி, 50 மி.மீ. நீளம் வரை. அலமாரி, மேசை இழுப்பறை போன்றவற்றுக்கு உதவும்.

டி 50: 16 கேஜ் ஆணி, 50 மி.மீ. நீளம் வரை. கதவு நிலையின் மூடுபட்டை போன்று சற்றே கூடுதல் பிடிப்பு வேண்டிய இடங்களுக்கு உரியது.

1022ஜே: 22 மி.மீ. வரை கால் நீளமுள்ள கவ்வாணிகளை அடிப்பது. அலமாரியின் பின்பலகை, மெத்தைத் துணி, கம்பிவலை ஆகியவற்றுக்குப் பயன்படும்.

எஸ்டி 64: 64 மி.மீ. வரை நீளமுள்ள கடின எஃகு ஆணிகளை அடிப்பது. கற்காரையில் மரச்சட்டம் பொருத்தப் பயன்படுகிறது.

பொருத்தப்படும் பலகையின் தடிப்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி வேண்டும் என்பது தச்சர்களிடையே உள்ள பொது விதி. 9 மி.மீ. பட்டைக்கு 27 மி.மீ. தேவைப்படுவதால் எஃப் 30 போதும். 12 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு 36 மி.மீ. வேண்டும், அதற்கு எஃப் 50 அல்லது டி 50 தேவை.

அமெரிக்கத் தொகுதிகளில் காணப்படும் பெரிய சட்டக அடிப்பான் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பெரும்பாலும் பயன்படாது. இங்குள்ள வீடுகள் செங்கல்லாலும் கற்காரையாலும் கட்டப்படுவதே காரணம். செங்கற்சுவரின் பூச்சில் ஆணியைச் செலுத்தினால் பூச்சு உதிரக்கூடும். எடை தாங்க வேண்டிய தட்டுகளைத் துளையிட்டு, முளை செருகி, திருகாணியால் பொருத்துவதே உறுதியானது.

காற்றமுக்கியைக் கணக்கிடுதல்

சிறிய அடிப்பான்கள் பொதுவாக 4 முதல் 7 பார் அழுத்தத்தில் இயங்குகின்றன. 1 பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். பெரும்பாலான சிறு காற்றமுக்கிகள் 8 பார் வரை தருவதால் அழுத்தம் அரிதாகவே குறையாகிறது. வேறுபாட்டை உண்டாக்குவது நிமிடத்துக்குக் கிடைக்கும் காற்றின் அளவே.

எடுத்துக்காட்டாக, 24 லிட்டர் தொட்டி 8 பாரில் நின்று 6 பாரில் மீண்டும் தொடங்குகிறது எனக் கொள்வோம். இடைப்பட்ட 2 பார் வீழ்ச்சியில் 24 × 2 = 48 லிட்டர் வெளிக்காற்று கிடைக்கும். ஓர் ஆணிக்கு 0.8 லிட்டர் செலவானால், மின்னோடி தொடங்குமுன் 60 ஆணிகள் அடிக்கலாம். நிமிடத்துக்கு 60 லிட்டர் வழங்கும் காற்றமுக்கி அந்த 48 லிட்டரை 48 நொடிகளில் நிரப்பிவிடும். தச்சர் ஒருவர் பலகையை அளந்து, அறுத்து, பொருத்தும் இடைவெளிக்கு இது தாராளம். ஆகவே வீட்டுத் தச்சு வேலைக்கு 1 குதிரைத்திறன் அளவிலான சிறிய காற்றமுக்கியே போதுமானது. வண்ணத் தெளிப்பான் நிற்காமல் காற்றை இழுப்பது. அதற்கு இத்தகைய காற்றமுக்கி பொதுவாகப் போதாது.

பெயர்ப்பலகையில் இரு அளவுகள் இருக்கலாம். உந்துதண்டின் பெயர்ச்சி அளவு என்பது உருளையின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுவது. உண்மையில் வெளிவரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஒப்பிட வேண்டியது வெளிவரும் காற்றின் அளவையே. நிமிடத்துக்கு 1 கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர்.

எண்ணெயிடாத காற்றமுக்கி எடை குறைந்தது, பராமரிப்பு எளிது. எண்ணெயிட்டது பொதுவாக நீண்டகாலம் உழைக்கும். ஆனால் எண்ணெயின் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும், சாய்த்து எடுத்துச் செல்லக் கூடாது.

மலைப்பகுதியில் பயன்பாடு

கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூட வளிமண்டல அழுத்தம் குறைவதால், ஒரே காற்றமுக்கி எல்லா ஊர்களிலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிலமலை முதலிய ஊர்கள் மலையடிவாரச் சமவெளியில் உள்ளன; போடிநாயக்கனூர் நகரின் உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். அங்கிருந்து ஏலமலைத் தோட்டங்களுக்குச் செல்லும் சாலை போடிமெட்டில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை அடைகிறது. அங்கு வளிமண்டல அழுத்தம் அடிவாரத்தைவிட ஏறக்குறைய 12 விழுக்காடு குறைவு. உருளை ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே உள்ளிழுக்கும். மேற்கண்ட தொட்டி அடிவாரத்தில் 48 நொடிகளில் நிரம்புமானால், மலையில் ஏறத்தாழ 55 நொடிகள் ஆகும். சில ஆணிகளுக்கு இது பொருட்டன்று. தொடர்ந்து கவ்வாணி அடிக்கும் வேலையில் மின்னோடி கூடுதல் நேரம் ஓடிச் சூடேறும்.

ஈரமும் கருதத்தக்கது. காற்றை நெருக்கிக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவி தொட்டியின் அடியில் நீராகத் தேங்குகிறது. மழைக்காலத்திலும் மூடுபனி உள்ள தோட்டங்களிலும் இந்நீர் மிகும். நாள்தோறும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்றாவிடில் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துரு வெளியில் தெரிவதில்லை என்பதே இதன் ஆபத்து.

மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் இடங்களில் மின்னோடி தொடக்கத்தில் திணறும். மெல்லிய நீண்ட மின்கம்பியால் இக்குறை மிகும். காற்றமுக்கியை மின்செருகிக்கு அருகில் வைத்து, காற்றுக்குழாயை நீட்டிக்கொள்வதே பொருத்தமானது.

பாதுகாப்பு

விசையமைப்பில் இரு வகைகள் உண்டு. தொடுவிசை வகையில், விசையை அழுத்திப் பிடித்தபடி முனை எதைத் தொட்டாலும் ஆணி பாயும். வரிசைவிசை வகையில், முனையைப் பொருளில் அழுத்திய பின்னரே விசையை இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு முகமைகள் 2011 இல் வெளியிட்ட கையேடு, தொடுவிசை வகையில் காயமுறும் வாய்ப்பு இரு மடங்கு எனக் குறிப்பிட்டு, முழு வரிசைவிசையைப் பரிந்துரைத்தது. வீட்டில் பயன்படுத்துவோர்க்கு வேகத்தைவிட இதுவே முதன்மையானது.

* கண்ணாடியும் காதடைப்பும் அணிய வேண்டும்.
* பலகையைப் பிடிக்கும் கை, ஆணியின் நீளத்தைவிடக் கூடுதல் தொலைவில் இருக்க வேண்டும். மரக்கணுவில் மோதிய ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரக்கூடும்.
* சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக்குழாயைக் கழற்ற வேண்டும்.
* அடிப்பானை ஒருபோதும் ஆக்சிசன் உருளையுடன் இணைக்கக் கூடாது, அது வெடிக்கும்.
* அழுத்திய காற்றுக்கு பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தக் கூடாது. அது உடையும்போது கூர்மையான துண்டுகளாகச் சிதறும்.
* பழைய குளிர்பதனப் பெட்டியின் அமுக்கியையும் கழித்த சமையல் எரிவளி உருளையையும் இணைத்துக் காற்றமுக்கி செய்தல் ஆபத்தானது. தானியங்கு நிறுத்தியும் பாதுகாப்பு அடைப்பிதழும் இல்லாத தொட்டியில் அழுத்தம் வரம்பு கடக்கலாம்.

மாற்று வழிகள்

ஆண்டில் சில பட்டைகளை மட்டும் பொருத்துவோருக்குச் சுத்தியலே போதும். மின்கலத்தால் இயங்கும் அடிப்பானுக்குக் காற்றமுக்கியோ குழாயோ தேவையில்லை; எனினும் அது எடை மிகுந்தது. சக்கரங்களுக்குக் காற்றடித்தல், தூசி ஊதுதல் போன்ற வேலைகளுக்கும் பயன்படும்போதுதான் காற்றமுக்கித் தொகுதி அதன் விலைக்கு ஈடாகிறது.