கைமாற்றத் தோல்வி (செல்பேசி வலையமைப்பு)

கைமாற்றத் தோல்வி என்பது, செல்பேசி வலையமைப்பில் ஓர் அழைப்போ தரவுத் தொடர்போ ஒரு கலத்திலிருந்து அண்டைக் கலத்துக்கு மாறும்பொழுது அறுந்துபோவதைக் குறிக்கும். கலம் என்பது தளநிலையத்தின் ஓர் ஆண்டெனா தன் அலைகளால் நிரப்பும் நிலப்பரப்பு ஆகும். பேருந்தில் பேசிக்கொண்டே செல்பவர் சில கிலோமீட்டருக்குள் பல கலங்களைக் கடக்கிறார். ஒவ்வோர் எல்லையிலும் அவருடைய தொடர்பு அடுத்த கலத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. இது பிழைக்கும்பொழுது காரணத்தைக் கண்டறிவது எளிதன்று; அழைப்பு அறுந்த இடமும் பழுதுள்ள இடமும் பல வேளைகளில் வேறு வேறாக இருக்கும்.

கைமாற்றம் நடைபெறும் முறை

மூன்றாம் தலைமுறை டபிள்யூசிடிஎம்ஏ வலையமைப்புகளில் செல்பேசி ஒரே நேரத்தில் பல கலங்களுடன் இணைந்திருக்க முடியும். நான்காம் தலைமுறையான எல்டிஈ-யில் பழைய இணைப்பை விட்ட பின்னரே புதியது பற்றப்படுகிறது. ஆகவே இங்கு நேரக் கணிப்பு மிக முக்கியமானது.

அண்டைக் கலத்தின் அலைவலிமை நடப்புக் கலத்தினதைவிடக் குறிப்பிட்ட அளவு (எடுத்துக்காட்டாக 3 டெசிபெல்) கூடி, அந்நிலை குறிப்பிட்ட காலம் நீடித்தால் செல்பேசி அளவீட்டு அறிக்கை அனுப்பும். இக்காத்திருப்புக் காலத்தை 0 முதல் 5120 மில்லிநொடி வரை அமைக்கலாம். அறிக்கை கிடைத்ததும் நடப்புக் கலம் புதிய கலத்திடம் இடம் கேட்கும், இது ஆயத்தம். பின்னர் செல்பேசிக்குக் கட்டளை போகும், செல்பேசி புதிய கலத்தை அணுகும்; இது நிறைவேற்றம். டி304 என்னும் கடிகாரம் முடிவதற்குள் அணுகல் வெற்றி பெறாவிடில் கைமாற்றம் தோற்றதாகக் கொள்ளப்படும்.

காத்திருப்பு வீணானதன்று. அது இல்லாவிடில் எல்லையில் நிற்கும் செல்பேசி இரு கலங்களுக்கிடையே பந்துபோல் மாறி மாறிச் சென்றுகொண்டிருக்கும். ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தொடர்வண்டி, 640 மில்லிநொடிக்குள் ஏறத்தாழ 53 மீட்டர் கடந்துவிடும். நகரத் தெருமுனையில் திரும்பும்பொழுது கட்டடங்கள் மறைப்பதால், சில பத்து மீட்டருக்குள் அலைவலிமை 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காக, வீழக்கூடும்.

தோல்வியின் வகைகள்

அறுந்த செல்பேசி மீண்டும் எந்தக் கலத்தில் தலைகாட்டுகிறது என்பதே முதன்மையான தடயம். ஒரு கலத்தில் நெடுநேரம் இருந்து, அங்கேயே தொடர்பை இழந்து, வேறொரு கலத்தில் மீண்டால் அது காலந்தாழ்ந்த கைமாற்றம். புதிய கலத்துக்குச் சென்றவுடன், அல்லது செல்ல முயலும்பொழுதே, அறுந்து பழைய கலத்துக்கே திரும்பினால் அது முந்திய கைமாற்றம். மூன்றாவதாக ஒரு கலத்தில் மீண்டால், தவறான கலத்துக்கு அனுப்பப்பட்டது எனக் கொள்ளலாம்.

எண்ணிக்கையில் தெரியாத தோல்வி

கைமாற்ற வெற்றி விகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இங்குதான். காலந்தாழ்ந்த நிலையில் அளவீட்டு அறிக்கையே கலத்தை அடையாமல் போகலாம். அப்பொழுது கைமாற்றம் தொடங்கவே இல்லை. தொடங்காத ஒன்றை எந்த எண்ணியும் தோல்வியாக எண்ணாது. விகிதம் 99 விழுக்காட்டுக்கு மேல் காட்டும், பயணியின் அழைப்போ நாள்தோறும் அதே வளைவில் அறுந்துகொண்டிருக்கும். இழப்பு பழைய கலத்தின் கணக்கில் சாதாரண வானலைத் தொடர்பறுதலாக மட்டுமே பதிவாகும். அதைக் கண்டு அக்கலத்தின் திறனை உயர்த்தினால், செல்பேசி பழைய கலத்தை இன்னும் நெடுநேரம் பற்றிக்கொள்ளும். எல்லை நகருமே தவிர நோய் தீராது.

இக்குறையைப் போக்க, 3ஜிபிபி அமைப்பின் 9ஆம் வெளியீட்டில் வழி செய்யப்பட்டது. தொடர்பறுந்த செல்பேசி அப்போதைய அளவீடுகளை நினைவில் வைத்திருந்து, மீண்டும் இணைந்தபின் வலையமைப்பு கேட்கும்பொழுது தெரிவிக்கும். மீண்ட கலம் அச்செய்தியைப் பழைய கலத்துக்கு அனுப்பும். மேற்சொன்ன வகைப்பாடு இதைக் கொண்டே தானியக்கமாகச் செய்யப்படுகிறது.

காரணங்களைப் பிரித்தறிதல்

ஆயத்தத்திலேயே தோற்றால், புதிய கலம் நிரம்பியுள்ளதா, இரு நிலையங்களுக்கிடையிலான இணைப்பு சரியாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். அண்டைக் கலப் பட்டியலின் குறைகள் வேறுவிதமானவை. ஜிஎஸ்எம்-இல் பட்டியலில் இல்லாத கலத்தைச் செல்பேசி அளப்பதே இல்லை. எனவே வண்டியில் சென்று சோதிப்போர், எல்லாக் கலங்களையும் பதியும் அளவுக்கருவியையும் உடன் கொண்டுசெல்வர். கருவி வலிமையாகக் காட்டும் கலம் செல்பேசியின் பதிவில் இல்லையெனில் விடுபட்ட அண்டைக் கலம் அதுவே. பட்டியலில் அ-விலிருந்து ஆ-வுக்கு வழி இருந்து, ஆ-விலிருந்து அ-வுக்கு இல்லாமலும் போகலாம். இதனால் சாலையை இரு திசையிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓட்டிய சோதனை பாதிச் சோதனையே.

மிகவும் தந்திரமானது எண்குழப்பம் ஆகும். எல்டிஈ-யில் கலங்களை வானலையில் வேறுபடுத்த 504 எண்களே உள்ளன. ஐந்தாம் தலைமுறையில் 1008. ஆகவே எண்கள் மீண்டும் மீண்டும் வழங்கப்படுகின்றன. ஒரே எண்ணுடைய இரு கலங்கள் ஒரு கலத்துக்கு அண்டையாக அமைந்துவிட்டால், செல்பேசி அருகிலுள்ளதைக் குறிப்பிட, வலையமைப்பு தொலைவிலுள்ளதை ஆயத்தப்படுத்தும். அதுவும் மறுக்காமல் இடம் தரும். செல்பேசி அருகிலுள்ளதை அணுகும்பொழுது அங்கு அதற்கென எதுவும் ஒதுக்கப்பட்டிராது. ஒரு கல இணையில் ஆயத்தம் ஏறத்தாழ முழுவதும் வெற்றி, நிறைவேற்றம் ஏறத்தாழ முழுவதும் தோல்வி என்றிருந்தால் முதலில் ஐயுறவேண்டியது இதையே. உலகளாவிய கல அடையாளத்தைப் படித்துச் சொல்லுமாறு செல்பேசியைக் கேட்டு இதை உறுதிசெய்யலாம்.

காத்திருப்புக் காலத்தைக் குறைப்பது காலந்தாழ்ந்த தோல்வியைக் குறைத்து, முந்திய தோல்வியையும் பந்தாட்டத்தையும் கூட்டும். எனவே அமைப்பைக் கலம் முழுவதற்கும் மாற்றாமல், பழுதுள்ள இணைக்கு மட்டும் மாற்றுவது நன்று. 3ஜிபிபி-யின் 16ஆம் வெளியீடு நிபந்தனைக் கைமாற்றத்தை அறிமுகப்படுத்தியது. இதில் அலை நன்றாக இருக்கும்பொழுதே கட்டளை முன்கூட்டித் தரப்படும். நிபந்தனை நிறைவேறியதும் செல்பேசி தானே மாறிக்கொள்ளும்.